சேர்வராயன் மலைக் காபியும் அடிமை வணிகத்தின் கணக்கும்

சேலத்தில் 1820 முதல் 1829 வரை ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபி நட்டார். அந்த மலைமேல் உள்ள ஏற்காட்டைப் பற்றி எழுதும் எவரும் அவரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். குளிர்ந்த காற்று, பேரிக்காய், ஆரஞ்சு, துரைமார் கட்டிய மாளிகைகள் என்று கதை இதமாக நகரும். அதே பத்தாண்டில் உலகின் மற்ற மலைகளில் காபிப் பழத்தைப் பறித்த கைகள் யாருடையவை என்ற கேள்வி அந்தக் கதையில் எழுவதில்லை. பிரேசிலில், கியூபாவில், ஜமைக்காவில் அவை ஆப்பிரிக்க அடிமைகளின் கைகள். ஏற்காட்டுக் காபி தனியாக முளைத்த செடி அல்ல என்பதும், ஆப்பிரிக்கர்களின் அடிமை வரலாற்றை அறியாமல் இந்த மலையின் இருநூறு ஆண்டுகளைப் புரிந்துகொள்ள முடியாது என்பதும் என் கருத்து. ஆனால் இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிடுவதும் தவறு. எங்கே ஒன்று, எங்கே வேறு என்று பிரித்துப் பார்ப்பதே இங்கு செய்ய வேண்டிய வேலை.

காபிச் செடியின் தாய்நாடு எத்தியோப்பிய மலைகள். செங்கடலைக் கடந்து ஏமனின் மோக்கா துறைமுகம் வழியாக அது உலகுக்குப் போனது. அதே மலைநாட்டில் பிடிக்கப்பட்ட மனிதர்களும் அதே துறைமுகத்தைக் கடந்தார்கள். 1548 வாக்கில் எத்தியோப்பியாவில் பிறந்த ஒரு சிறுவன் மோக்காவிலும் பாக்தாதிலும் கைமாறி, தக்காணத்துக்கு விற்கப்பட்டான். பிற்காலத்தில் அகமதுநகர அரசைத் தாங்கி நின்று, முகலாயப் படைகளைத் தடுத்த மாலிக் அம்பர் அவன்தான். இந்தியப் பெருங்கடலின் அடிமை வணிகம் அட்லாண்டிக் வணிகத்தைவிடப் பழையது. அதில் ஓர் அடிமை தளபதியாகவும் ஆட்சியாளராகவும் உயர வழி இருந்தது. இதை வைத்துச் சிலர் ஆசிய அடிமை முறை மென்மையானது என்பார்கள். உயர்ந்த ஒருவனின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவனோடு கட்டப்பட்டு வந்த மற்றவர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. ஒரு மாலிக் அம்பரை அளவுகோலாக்கி முறையை மதிப்பிடக் கூடாது.

அட்லாண்டிக் பக்கத்தில் கணக்கு தெளிவாக இருக்கிறது. கப்பல் பதிவேடுகளை வைத்து ஆய்வாளர்கள் எட்டிய மதிப்பீட்டின்படி, சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டார்கள்; கரை சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம் பேர். இடையில் உள்ள 18 லட்சம் பேரும் கடலில் போனவர்கள். கரை சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கரும்புக்கு. அடுத்து வந்தது காபி. பிரெஞ்சுக்காரர்களின் சான் டொமிங்கு குடியேற்றத்தில் 1790 வாக்கில் ஏறக்குறைய 5 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். உலகக் காபியில் பாதியளவு அங்கேதான் விளைந்தது. 1791 ஆகஸ்டில் அந்த அடிமைகள் எழுந்தார்கள். தோட்டங்கள் எரிந்தன. 1804-இல் ஹெய்ட்டி என்ற விடுதலை நாடு பிறந்தது. அடிமைகளே வென்று அமைத்த நாடு உலகில் அது ஒன்றுதான். உலகச் சந்தையில் காபிக்கு விழுந்த அந்தப் பெரும் இடைவெளியை நிரப்பப் பிரேசில் முந்தியது; ஜாவாவும் இலங்கையும் தென்னிந்திய மலைகளும் பின்னே வந்தன. ஹெய்ட்டியின் எழுச்சிக்கும் ஏற்காட்டின் முதல் காபி நாற்றுகளுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள்கூட முழுதாக இல்லை.

தோட்டத்தை நடத்தும் முறையும் அங்கிருந்து வந்தது. சான் டொமிங்குவிலிருந்து வெளியேறிய லபோரி என்ற தோட்டக்காரர் 1798-இல் லண்டனில் வெளியிட்ட காபி வேளாண்மைக் கையேடு, பின்னர் இலங்கைத் தோட்டக்காரர்களின் பாடநூலானது. நிலம் திருத்துவது, வரிசை பிடித்து நடுவது, பழத்தோலை நீக்கி நீரில் கழுவி உலர்த்துவது எல்லாம் அதில் உண்டு. அடிமைகளை எப்படி வேலை வாங்குவது என்பதும் உண்டு. ஜமைக்காவில் தொழில் பழகிய ஆர். பி. டைட்லர் 1837-இல் இலங்கைக்கு வந்து அந்த மேற்கிந்திய முறையைப் பரப்பினார். ஆளை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது, கும்பல் கும்பலாகப் பிரித்து ஒவ்வொரு கும்பலுக்கும் ஒரு மேற்பார்வையாளரைப் போடுவது, வேலையிடத்துக்கு அருகே வரிசை வீடுகளில் குடிவைப்பது என்ற அடிமைத் தோட்டத்தின் அமைப்பு, அடிமைச் சட்டம் இல்லாத மலைகளிலும் நிலைத்தது.

இனி தமிழகக் கரைக்கு வருவோம். இங்கு ஆப்பிரிக்க அடிமைகள் வரவே இல்லை என்று நினைப்போர் பலர். வந்தார்கள். போர்த்துக்கீசர்களின் துறைமுகங்களுக்கு மொசாம்பிக்கிலிருந்து வந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களில் புதுச்சேரியின் பிரெஞ்சுப் படையிலும் சென்னையின் ஆங்கிலப் படையிலும் காப்பிரிகள் எனப்பட்ட ஆப்பிரிக்கர்களின் படைப்பிரிவுகள் நின்றன. கொழும்பில் டச்சுக்காரர்கள் தம் அடிமைகளை அடைத்துவைத்த பகுதியைத்தான் தமிழர்கள் கொம்பனித் தெரு என்கிறார்கள். போர்த்துக்கீசரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இலங்கைக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் புத்தளம் அருகே சிராம்பையடியில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்கள் பாடும் பாடல்களில் போர்த்துக்கீசக் கிரியோல் சொற்கள் ஒலிக்கின்றன. கொச்சியில் காப்பிரி முத்தப்பன் என்ற பெயரில் ஓர் ஆப்பிரிக்க அடிமையின் ஆவிக்குச் சுருட்டும் கள்ளும் படைக்கிறார்கள். சேர்வராயன் மலைக்கு ஆப்பிரிக்க அடிமைகள் கொண்டுவரப்பட்டதாக எந்தச் செய்தியும் இல்லை. அவர்களுடைய வரலாறு இந்த மலையைத் தொட்டது வேறு வழியில்.

அந்த வழியைப் பேசுமுன் நம் பக்கத்துக் குற்றத்தையும் பேசியாக வேண்டும். தமிழ்நாட்டில் மனிதர்களை விற்கவும் வாங்கவும் வெள்ளைக்காரர்கள் கற்றுத்தரவில்லை. கோயிலுக்கு மனிதர்களை விற்றதும் கொடுத்ததும் சோழர் காலக் கல்வெட்டுகளில் இருக்கிறது. பிற்கால அடிமை ஓலைகளில் விற்பவர், வாங்குபவர், விலை, பரம்பரை உரிமை எல்லாம் நில விற்பனைப் பத்திரத்தின் ஒழுங்கோடு எழுதப்பட்டுள்ளன. ஆ. சிவசுப்பிரமணியன் ‘தமிழகத்தில் அடிமை முறை’ என்ற நூலில் இந்தச் சான்றுகளைத் திரட்டித் தந்திருக்கிறார். தஞ்சை, திருச்சி, செங்கல்பட்டு, திருநெல்வேலி நன்செய்ப் பகுதிகளில் பள்ளர், பறையர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மிராசுதார்களுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தன. சாதிதான் அங்கே சங்கிலி. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர் தோலின் நிறத்தால் அடையாளம் காணப்பட்டார். இங்கே ஒருவரின் பிறப்பும் அவர் குடியிருந்த சேரியும் அதே வேலையைச் செய்தன.

பஞ்சம் வந்தால் இந்த உள்நாட்டு அடிமை கடலுக்குப் போவார். பழவேற்காட்டிலும் பின்னர் நாகப்பட்டினத்திலும் இருந்த டச்சுக் கம்பெனி, பஞ்சத்தையும் படையெடுப்பையும் எதிர்நோக்கிக் காத்திருந்த வாங்குபவன். பீஜப்பூர்ப் படையெடுப்பும் பஞ்சமும் தஞ்சையை அழித்த 1659 முதல் 1661 வரையான காலத்தில் மட்டும் 8,000 முதல் 10,000 பேர் வரை இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் மலாக்காவுக்கும் ஏற்றுமதியானார்கள் என்று டச்சு ஆவணங்களை ஆராய்ந்த மார்க்கஸ் விங்க் கணக்கிடுகிறார். பிள்ளையை விற்றால் பிள்ளையாவது சோறு தின்னும் என்று பெற்றோரே துறைமுகத்துக்கு நடந்த காலம் அது. சென்னைக் கோட்டையின் ஆங்கிலேயர்களும் இந்த வணிகத்தில் பங்குகொண்டவர்கள்தான். மொரீஷியஸின் பிரெஞ்சுத் தோட்டங்களில் மலகாசி, மொசாம்பிக் அடிமைகளோடு தமிழ் அடிமைகளும் இருந்தார்கள். ஆப்பிரிக்கரும் தமிழரும் ஒரே முதலாளியின் ஏட்டில் அடுத்தடுத்த வரிகளில் எழுதப்பட்ட இடம் அந்தத் தீவு. இந்த ஒற்றுமையை நம் பாடநூல்கள் சொல்லித்தர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

மெட்ராஸ் மாகாணத்திலேயே காபியும் அடிமையும் நேரடியாகச் சந்தித்த இடமும் ஒன்று உண்டு. மலபாரின் அஞ்சரக்கண்டியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கி, மர்டாக் பிரவுன் நடத்திய தோட்டம் அது. மிளகு, இலவங்கப்பட்டை, காபி எல்லாம் அங்கே பயிரானது. திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து கடத்தி வரப்பட்ட குழந்தைகளும் பெரியவர்களும் அந்தத் தோட்டத்தில் இருப்பதை 1811-12-இல் வட மலபார் நீதிபதி தாமஸ் பேபர் கண்டுபிடித்து மீட்டார். அதற்காக அவர் தன் இனத்தவரின் பகையைச் சம்பாதித்தார். கம்பெனி அரசோ தன் நிலங்களில் இருந்த அடிமைகளைக் குத்தகைக்கு விட்டு, 1836 வரை ஆண்டுக்கு 927 ரூபாய் 13 அணா வரவு வைத்தது. தொகை சிறியது. ஆனால் ஓர் அரசின் வருவாய்க் கணக்கில் மனிதர்களுக்கு ஒரு தலைப்பு இருந்திருக்கிறது.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1807-இல் அடிமை வணிகத்தையும் 1833-இல் அடிமை முறையையும் ஒழித்தது என்று பள்ளியில் படிக்கிறோம். 1833-இன் சட்டத்தில் ஒரு விலக்குப் பிரிவு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலனாவுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அது. மேற்கிந்தியத் தீவுகள், தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ் ஆகிய இடங்களில் விடுதலை பெற்றவர்கள் சுமார் 8 லட்சம் பேர். இந்தியாவில் அடிமைகள் 80 முதல் 90 லட்சம் பேர் இருப்பார்கள் என்று பார்ட்டில் ஃபிரியர் பின்னர் மதிப்பிட்டார். மதிப்பீடு கூடுதலாகவே இருந்தாலும், விலக்கப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டவர்களைவிடப் பல மடங்கு என்பதில் ஐயமில்லை. மெட்ராஸ் வருவாய் வாரியம் 1819-இலேயே மாவட்டந்தோறும் அறிக்கை வாங்கி, பிரச்சினையை நன்றாக அறிந்திருந்தது. நன்செய் வரி குறைந்துவிடுமோ என்ற அச்சமே கையைக் கட்டியது.

விடுதலைக்கு லண்டன் ஒதுக்கிய 2 கோடி பவுண்டு முழுவதும் அடிமைகளின் உடைமையாளர்களுக்குப் போனது. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. அதற்குமேல் 1838 வரை ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் அவர்கள் பழைய எசமானுக்கே உழைத்தார்கள். அந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் மக்கள் 2015 வரை வரியாகக் கட்டினார்கள்.

இந்தியாவுக்கு வந்தது 1843-இன் ஐந்தாம் சட்டம். அது யாரையும் விடுவிப்பதாக அறிவிக்கவில்லை. அடிமை உரிமை எதையும் நீதிமன்றம் ஏற்காது, வரிப் பாக்கிக்காக மனிதரை ஏலம் விடக் கூடாது, அடிமை ஈட்டிய சொத்து அவருக்கே, அவருக்கு இழைக்கும் குற்றமும் குற்றமே என்று நான்கே பிரிவுகள். அடிமையை வைத்திருப்பது குற்றமாகக் காத்திருக்க வேண்டியது 1862-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் வரை. உடைமையாளருக்கு இழப்பீடு இல்லை என்பது நல்லது. அடிமைப்பட்டவருக்கு நிலமும் இல்லை, மனையும் இல்லை, சேரிக்கு வெளியே கால்வைக்க இடமும் இல்லை என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. 1843-இல் மாறியது பெயர். வேலைக்கு ஆளைக் கட்டிவைக்கும் பொறுப்பை அடிமை ஓலையிடமிருந்து கடன் பத்திரம் ஏற்றுக்கொண்டது. சேர்வராயன் மலைத் தோட்டங்கள் பெருகியது இந்தக் கட்டத்தில்தான்.

சேலம் பெரும்பாலும் புன்செய்ச் சீமை. தஞ்சையைப் போல நன்செய் அடிமை முறை இங்கே ஆழமாக வேரூன்றவில்லை. பண்ணையாளை ஆண்டுக்கு ஆண்டு கடனால் கட்டுவது கொங்குப் பகுதியின் வழக்கம். மலை மேலே வேறு கதை. சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடுகளாகப் பிரிந்து, சேர்வராயனைக் குலதெய்வமாகக் கும்பிடும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் கேழ்வரகும் தினையும் விதைத்து வாழ்ந்தார்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் மரபு. சொந்தக் கொல்லை உள்ளவன் எதற்காகத் துரையின் காட்டில் கூலிக்கு நிற்பான்? ஆகவே தோட்டக்காரர்கள் ஆள் திரட்டக் கீழ்நாட்டுக்கு மேஸ்திரிகளை அனுப்பினார்கள். மலையாளிகளுக்கு இழப்பு நிலத்தில் நேர்ந்தது. அவர்கள் விதைத்தும் மேய்த்தும் வந்த சரிவுகள் காபிக் காடுகளாயின.

மேஸ்திரி துரையிடம் பணம் வாங்குவார். ஊருக்குள் போய், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பசிக்கும் முன்பணம் கொடுப்பார். வாங்கிய குடும்பம் மலையேறும். கூலியில் முன்பணம் கழியும், கடையில் வாங்கிய அரிசி கழியும், கம்பளியின் விலை கழியும். வேலைக்கு வராத நாள் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், விழாது. செக்ரோலில் விழாத நாளுக்குக் கூலி இல்லை. ஆண்டு முடிவில் மிஞ்சுவது பெரும்பாலும் பாக்கி. நடுவில் ஓடினால்? அதற்குத்தான் 1859-இன் பதின்மூன்றாம் சட்டம் இருந்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளியை மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்தலாம். வேலை செய் அல்லது பணத்தைக் கட்டு என்று அவர் ஆணையிடுவார். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கூலி கொடுக்காத முதலாளிக்கு அந்தச் சட்டத்தில் சிறை இல்லை. சிவில் வழக்காக இருக்க வேண்டிய ஒரு கடன், தொழிலாளி விஷயத்தில் மட்டும் குற்றமாக்கப்பட்டது. தென்னிந்திய மலைத்தோட்டங்கள் இந்தச் சட்டத்தின் மேல் நின்றன. அது நீக்கப்பட்டது 1920-களின் நடுவில்.

1876-78 பெரும்பஞ்சம் இந்த முறைக்கு வேண்டிய ஆட்களை வாரி வழங்கியது. 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-இல் அது 16 லட்சத்துக்கும் சற்றுக் கீழே. பத்தாண்டில் மாவட்டம் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் இழந்தது. செத்தவர் போக மீதிப் பேரில் சிலர் தெற்கு நோக்கி நடந்து, மன்னார் வழியாகக் காடு கடந்து இலங்கைக் காபித் தோட்டங்களுக்குப் போனார்கள். வேறு சிலர் சென்னைத் துறைமுகத்தில் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறினார்கள். அடிமைகள் விடுதலையாகி வெளியேறிய மொரீஷியஸின் கரும்புத் தோட்டங்களுக்கு 1834 முதலே இந்தியர்கள் போகத் தொடங்கியிருந்தார்கள். 1860-இல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை நேட்டாலில் இறக்கியது. ஆப்பிரிக்க அடிமை விட்டுச்சென்ற இடத்தில் தமிழ்க் கூலி நின்றார், பல இடங்களில் அதே வரிசை வீட்டில்.

அதனால் இதை ‘புதிய அடிமை முறை’ என்று சொல்லலாமா? 1974-இல் ஹியூ டிங்கர் அந்தத் தலைப்பிலேயே நூல் எழுதினார். 1840-இலேயே பிரிட்டிஷ் அமைச்சர் ஒருவரும் அப்படியே எச்சரித்திருந்தார். மறுபக்கம் உள்ள ஆய்வாளர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு: ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி இருந்தது, பிள்ளை பிறக்கும்போதே முதலாளியின் சொத்தாகவில்லை, சிலர் நிலம் வாங்கினார்கள், சாதிக் கொடுமையிலிருந்து தப்பிக்கவே சிலர் கப்பலேறினார்கள். என் தீர்ப்பு இது. ஆப்பிரிக்க அடிமையின் நிலையை வேறெதனோடும் சமன் செய்யக் கூடாது. அவருடைய உடலே பண்டம், அவருக்கு இன்னும் பிறக்காத பிள்ளைகூட விற்கத்தக்கது. முன்பணக் கூலியின் உடல் அவருடையது. ஆனால் அந்த உடலின் நேரமும் நடமாட்டமும் பிறருடையவை, அதற்குச் சட்டம் காவல். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் முதலாவதைச் சிறுமைப்படுத்துகிறோம். தொடர்பே இல்லை என்றால் இரண்டாவதை மறைக்கிறோம்.

ஏற்காட்டுக் காபியின் விலையும் பிரேசிலின் அடிமைகளிடமிருந்து விலகி நின்றதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகக் காபி விலையை முடிவுசெய்தது பிரேசில். அங்கே அடிமை முறை ஒழிந்தது 1888 மே 13-இல்தான். அதுவரை சேர்வராயன் மலையில் பறிக்கும் பெண்ணின் கூலி, கூலியே இல்லாத உழைப்பில் விளைந்த காபியோடு போட்டியிட்டது. தண்டு துளைப்பானும் இலைநோயும் தாக்கியபோது தோட்டக்காரர்கள் நொடித்தார்கள் என்று அந்தக் கால ஏடுகள் வருந்துகின்றன. அந்த இழப்பில் முதலில் வெட்டப்பட்டது கூலி.

சுதந்திர இந்தியா சட்டத்தில் குறை வைக்கவில்லை. அரசியலமைப்பின் 23-ஆம் உறுப்பு கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் எல்லாம் அதில் உரிமையாயின. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982-இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 23-ஆம் உறுப்புக்கு அது மிக விரிந்த விளக்கம். ஆனால் தோட்டச் சட்டத்துக்கு 5 ஹெக்டேர், 15 தொழிலாளர் என்ற வரம்பு இருந்தது. ஏற்காட்டில் சிறு தோட்டங்கள் பல. அவற்றில் பறிக்கும் கைகளுக்கு அந்த உரிமைகள் எட்டவில்லை. இன்று தென்னிந்தியக் காபித் தோட்டங்களில் பருவத்துக்கு வடமாநிலங்களிலிருந்து ஆள் வருகிறது. முன்பணமும் தரகரும் கூடவே வருகிறார்கள்.

கரீபிய நாடுகள் 2013-இல் ஆணையம் அமைத்து, அடிமை வணிகம் நடத்திய ஐரோப்பிய அரசுகளிடம் ஈடு கேட்கின்றன. தமிழ்நாட்டில் ஈட்டுக்கு அருகில் வரும் ஒரே நடவடிக்கை பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் அரசு ஒதுக்கத் தொடங்கிய அந்த நிலங்கள், ஒடுக்கப்பட்டோர் தவிர வேறு எவருக்கும் கைமாறக் கூடாதவை. ஏராளமான நிலம் கைமாறிவிட்டது. காரணை என்ற ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு நடந்த போராட்டத்தில் 1994-இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள்.

மலைத்தோட்டத் தொழிலாளிக்கு அந்த அளவுகூட யாரும் ஒதுக்கவில்லை. ஐந்து தலைமுறையாகக் காபிக் காட்டில் உழைத்த குடும்பமும் வரிசை வீட்டில்தான் இருக்கிறது. வீடு தோட்டத்துக்குச் சொந்தம், வேலை நின்றால் வீடும் போகும். குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டாவும், மலையாளிகளின் நிலத்துக்கு 2006 வன உரிமைச் சட்டப்படியான உரிமைப் பத்திரமும் கேட்பது சலுகை கேட்பதல்ல. 1843-இல் கொடுக்காமல் விட்ட பாக்கியைத்தான் கேட்கிறார்கள்.